பக்கத்து சீட்டின் பிரேக்

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதனால் அவர் நாள் முழுக்கக் கார் ஓட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உட்கார்ந்திருப்பது ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில். அங்கே ஸ்டியரிங் கிடையாது, காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. யாரோ ஓட்டுவார், எதன் மீதாவது இடிக்கப் போவார், அண்ணி நிறுத்துவார். இருபது வருஷமாக அதுதான் அவர் உத்தியோகம்.

அவருடைய டிரைவிங் ஸ்கூல் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் ஒற்றை அறை. ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகளின் படம், கால் ஆடும் நாற்காலிகள். மேஜைமேல் நாலு பொம்மைக் கார்கள். சந்தியில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை அவற்றை நகர்த்தித்தான் விளக்குவார். சக்கரம் கழன்ற சிவப்புக் காருக்கு எப்போதும் தப்புப் பண்ணும் வேடம்.

அந்தப் பிரேக் போடும் கால் வேலை முடிந்த பிறகும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் கம்பியை மிதிக்கும். சினிமாவில் யாராவது காரை வேகமாக ஓட்டினால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார். எங்கள் பழைய வேனை நான் ஓட்டும்போது, அவர் பக்கத்தில் பிரேக்கே இல்லாத வெறும் தரையைப் பலமாக மிதிப்பார். நான் கெட்டிக்காரன். சாலையைப் பார்ப்பதைவிட அந்தக் காலைப் பார்ப்பது சுலபம் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். கால் அழுந்தினால் நான் பிரேக் போடுவேன். என்னைப்போல் நிதானமாக ஓட்டுபவன் கிடையாது என்று ஊரில் பெயர்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். நான் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் பார்ப்பவன். முதலாளியிடம் முறைத்துக்கொண்டு வேலையை விடுவது என் வழக்கம். தன்னிடம் ஓட்டக் கற்ற யாரையாவது பிடித்து எனக்கு அடுத்த வேலை வாங்கித் தருவது அண்ணியின் வழக்கம். இதை நாங்கள் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. அண்ணி இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு வந்தது அவரிடம் ஓட்டக் கற்ற ஒருவரால்தான். ஏரியில் சிறு படகுகளுக்கான கிளப் ஒன்று இருக்கிறது, ஒரு நாள் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். போன இடத்தில் அண்ணியைப் படகில் ஏற்றி, சுக்கான் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு சுற்றுப் போய்க் கரைக்கு வந்த அண்ணியின் முகத்தை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இங்க நான் ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னார்.

படகு இரண்டு பேருக்கானது. பின்னால் உட்காருபவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயைப் பார்த்துக்கொண்டு, படகு சாயாமல் உடம்பை வெளியே தொங்கவிட்டு எடை கொடுப்பார். ஆரம்பத்தில் முன்னால் உட்கார்ந்தது அண்ணன். தண்ணீரில் தொடங்கும் சண்டை கரையேறி, வேனில் தொடர்ந்து, சமையலறையில் பாத்திரச் சத்தமாக முடியும். கடைசியில் அண்ணன், பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் ஆளாகத் துறைமேடைக்குப் போனார். ஹாரன், கொடி, நாற்காலி, நிழல் எல்லாம் அவருக்குக் கிடைத்தது. படகில் அந்த இடம் எனக்கு வந்தது. எனக்குத் திறமை என்று சொல்ல முடியாது, எடை சரியாக இருந்தது.

பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரப் படகு போகாது. அப்படிப் போகவேண்டுமென்றால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எல்லோரும் அப்படி ஏறுவதால் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடுவார்கள். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு உரிமை, இடப்பக்கக் காற்றில் வருபவர் ஒதுங்க வேண்டும். உரிமை உள்ளவர் "ஸ்டார்போர்டு" என்று கூப்பிட்டுச் சொல்வார். சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியைச் சுற்றிவர வேண்டிய மிதவையாக வைத்து, பொம்மைக் கார்களைப் படகுகளாக்கி, அண்ணி எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். சிவப்புக் கார் அங்கேயும் தப்புதான் பண்ணியது.

இன்னொன்று காற்று. முன்னால் போகும் படகின் பாய் உபயோகித்துவிட்டு அனுப்பும் காற்றில் பலம் இருக்காது. அதை எச்சில் காற்று என்பார் அண்ணி. "எச்சில் காத்துல உட்காந்திருக்கோம், வா போலாம்" என்று படகைத் திருப்பிச் சுத்தமான காற்றைத் தேடிப் போவார். தண்ணீர் எங்கே கருக்கிறதோ அங்கே காற்று வருகிறது என்று பார்ப்பதிலும், திசை மாறுவதை முதலில் உணர்வதிலும் அவரை மிஞ்ச எங்கள் கிளப்பில் ஆள் இல்லை. ஆனாலும் நாங்கள் ஜெயிப்பதில்லை, தட்டுத்தடுமாறி இரண்டாவதாக வருவதோடு சரி. தொடக்கக் கோட்டை எப்போதும் கடைசியில்தான் தாண்டுவோம். நெருக்கமான இடங்களிலெல்லாம் எப்படியோ பின்தங்கிவிடுவோம்.

ஜெயித்தது பல் டாக்டர். மரியாதையானவர், சுத்தமானவர், படகைக்கூடப் பல் தேய்ப்பதுபோல் தேய்ப்பார். அவரும் அண்ணியிடம் ஓட்டக் கற்றவர்தான். டெஸ்ட்டில் மூன்று தடவை தோற்று நான்காவதில் தேறியவர். படகில் அவருக்கு முன்னால் உட்காருபவர் அவருடைய மைத்துனர், எடை மட்டும் உள்ளவர். அந்த வகையில் எனக்கும் அவருக்கும் ஒரு தோழமை உண்டு.

அந்த வருஷம் பெரிய ஏரியில் நடக்கும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரு படகுதான் போகலாம் என்றார்கள். பருவம் முழுக்கப் பார்த்ததில் மிச்சம் இருந்தது நாங்களும் டாக்டரும். கடைசிப் பந்தயத்தில் எந்தப் படகு முன்னால் வருகிறதோ அது போகும். அண்ணிக்கு இது கடைசி வாய்ப்பு. மிதித்து மிதித்து அவருடைய அந்த முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்தப் பருவத்தோடு படகில் தொங்குவதை நிறுத்துங்கள் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஏரியில் கண்ணுக்கு எட்டியவரை படகுகள் ஒரே கோட்டில் கிளம்பும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அண்ணி அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்று இருந்தார். வாய் விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லாதவர். கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணி தன் பக்கத்து ரப்பர் விரிப்பை உதறினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தவர் அப்படியே நின்றார். விரிப்பில் ஒரு காலணியின் முன்பக்க அளவுக்கு ஓட்டை.

"இது எப்படி ஆச்சு?"

"எல்லாம் உங்க பிரேக்தான்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"படகுலயும் மிதிக்கிறேனா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன், வரவில்லை. படகில் உடம்பை வெளியே தொங்கவிடும்போது எங்கள் இருவர் கால்களும் ஒரே பட்டைக்கு அடியில் மாட்டியிருக்கும். அவர் கால் அழுந்தினால் பட்டை தளரும். அது என் காலுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த நொடி அவர் கையிலிருக்கும் கயிறு நழுவும், நானும் என் கயிற்றை விடுவேன், பாய் படபடக்கும், படகு நிற்கும். படகில் பிரேக் என்பது அதுதான்.

"ம்" என்றேன். "யாராவது பக்கத்துல வந்தாலே மிதிப்பீங்க. நம்ம பக்கம் உரிமை இருந்தாலும் மிதிப்பீங்க."

"அதனாலதான் டாக்டர் எப்பவும் நம்ம முன்னால குறுக்க போயிடுறாரு."

"அவருக்கு உங்க கால் தெரியும்ல அண்ணி. ஆறு மாசம் அதுக்குப் பக்கத்துலதானே உட்காந்திருந்தாரு."

அண்ணி விரிப்பை மடித்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எடுத்து மறுபடியும் வேனுக்குள் போட்டார். இரவுச் சாப்பாட்டின்போது உப்பு ஜாடியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். அண்ணன் என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டார், நான் உதட்டைப் பிதுக்கினேன்.

காலையில் துறைமேடையில் பாயைக் கட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, இன்னிக்குச் சின்னப் பாயைக் கட்டிப் போட்டுரு. பெரிய பாய்க் கயிறு உன் கையில. நான் சுக்கானை மட்டும் பிடிச்சுக்கறேன்."

"எதுக்கு?"

"என் கால் என்ன வேணா பண்ணட்டும். பட்டை தளர்ந்தாலும் நீ விடாத. வாய் சொன்னா மட்டும் விடு. இன்னிக்கு நான் டிரைவர், பக்கத்து சீட்டு நீ."

கயிற்றைக் கையில் வாங்கினேன். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

தொடக்கத்தில் படகுகள் எல்லாம் கோட்டுக்குப் பின்னால் அலைந்துகொண்டு ஹாரனுக்குக் காத்திருக்கும். முன்கூட்டியே தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். துறைமேடையிலிருந்து மிதவை வரை போகும் அந்தக் கோட்டில், மிதவைப் பக்கம் காற்றுக்கு நெருக்கமாக இருப்பதை அண்ணி பார்த்துவிட்டார். அங்கேதான் கூட்டமும் இருந்தது. வழக்கமாக அந்தக் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுவோம். இன்று நேராக அதற்குள் போனோம். இரண்டு பக்கமும் படகுகள், கை நீட்டினால் தொடலாம். பட்டை தளர்ந்தது. கயிற்றை விடத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"இழு" என்றது வாய்.

இழுத்தேன். ஹாரன் ஊதியபோது எங்கள் மூக்கு கோட்டில் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பாயும் இல்லை, முழுக்கச் சுத்தமான காற்று. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்தேன்.

இதனாலேயே நாங்கள் ஜெயித்தோம் என்றால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் சும்மா ஜெயிக்கிற ஆள் இல்லை. காற்று வரும் பக்கத்திலிருந்த மேல் மிதவைக்கு ஏறும்போது இடது ஓரமாகப் போய் ஒரு நல்ல காற்றைப் பிடித்து எங்களோடு சமமாக வந்தார். காற்றோடு கீழே இறங்கும்போது பின்னாலிருந்து எங்கள் காற்றை மறைத்தார். எங்களுக்கு எச்சில்கூட மிஞ்சவில்லை. கீழ் மிதவையை அவர் முதலில் சுற்றினார், நாங்கள் அடுத்து. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஏற்றம். மேலே, அண்ணன் உட்கார்ந்திருந்த துறைமேடைக்கும் மஞ்சள் மிதவைக்கும் நடுவில் முடிவுக் கோடு.

டாக்டர் வலக்காற்றில் வந்தார், நாங்கள் இடக்காற்றில். உரிமை அவருடையது. கணக்குப் பார்த்தேன். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அவருக்கு முன்னால் தாண்டிவிடலாம் போலிருந்தது.

"போயிரலாம் அண்ணி. முன்னால போயிரலாம்."

"முடியாது. விடு கொஞ்சம்."

பட்டையைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கால் மிதிக்கவில்லை, வாய்தான் சொல்கிறது. எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷப் பழக்கம் காலை விட்டு வாய்க்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். சொன்ன சொல்லுக்காகக் கயிற்றை விட்டேன். அண்ணி படகின் மூக்கைக் காற்றிலிருந்து சற்றே விலக்கினார். படகு நிற்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு அது எகிறிக்கொண்டு பாய்ந்தது. மூக்கை விலக்கிக் கயிற்றைக் கொஞ்சம் விட்டால் வேகம் கூடும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரின் வாலை உரசுகிற மாதிரி பின்பக்கமாகப் போனோம்.

"தேங்க்ஸ் டீச்சர்" என்றார் டாக்டர், ஒதுங்கிக் கொடுத்ததற்கு.

"இழு இப்ப" என்றார் அண்ணி. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்தத் தடவை உரிமை அவருக்கு. வலது ஓரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினா அடுத்த தடவை நமக்கு."

வலது ஓரத்தில் யாரும் இல்லை. தண்ணீர் கருத்துக்கொண்டு ஒரு காற்று வந்தது. அதற்குள் போய்ப் படகைத் திருப்பினோம். இப்போது காற்று எங்கள் வலப்பக்கத்தில். தூரத்தில் டாக்டரும் திரும்பிவிட்டார். அவர் இடக்காற்றில், எங்களை நோக்கி. நேராகப் பார்த்தால் இரண்டு படகும் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரே இடத்தில் சந்திக்கும். அவர் மூக்கு எங்களைவிட அரைப் படகு நீளம் முன்னால் இருந்தது. எங்களுக்கு முன்னால் தாண்டிப்போக அது போதாது. வழக்கம்போல் நாங்கள் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால்தான் அவர் தாண்ட முடியும்.

"ஸ்டார்போர்டு" என்றார் அண்ணி, வகுப்பில் பேசுவதுபோல் சாதாரணமாக.

டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மைத்துனர் மட்டும் எங்களை ஒரு தடவை, டாக்டரை ஒரு தடவை பார்த்தார்.

"ஸ்டார்போர்டு, டாக்டர்."

படகு நேராக வந்தது. அதன் முன்பக்கத்துத் திருகாணி ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. அப்போது பட்டை முழுசாகத் தளர்ந்தது. அன்றுவரை அண்ணியின் கால் அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. என் கை தானாக விரற்கடை அளவு கயிற்றை விட்டது.

"விடாத."

"அண்ணி, இடிச்சிரும்."

"அவர் திருப்புவாரு. தம்பி, விடாத."

குரலில் பயம் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் சொன்னார். நான் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் திரும்பிப் பார்த்தார். படபடக்க வேண்டிய பாய் விறைப்பாக நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சுக்கானைப் பலமாகத் தள்ளினார். படகு நின்ற இடத்தில் திரும்பியது, பாய் மறுபக்கம் விழுந்தது, மைத்துனருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, படகு அவரோடு சேர்ந்து கவிழ்ந்தது. அதன் பின்பக்கம் எங்களுக்கு ஒரு ஜாண் தூரத்தில் வீசித் திரும்பிப் போனது.

"ரெண்டு தலையும் தெரியுதா?" என்றார் அண்ணி, திரும்பாமல்.

"தெரியுது. மோட்டார் படகும் போகுது."

"சரி, இழு."

கோட்டைத் தாண்டினோம். ஹாரன் சத்தம் வரவில்லை. அண்ணன் ஹாரனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒதுங்கிக் கொடுப்போம் என்று அவரும்தான் நினைத்திருக்கிறார். பிறகு ஊதினார், விடாமல் ஊதினார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

டாக்டர் சொட்டச் சொட்ட நனைந்து, கரைக்கு வந்ததும் நேராக அண்ணியிடம் வந்தார். சண்டை போட வருகிறார் என்று நான் எழுந்தேன்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர். நீங்க நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி படகின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது வீங்கியிருந்தது.

"தெரியும் டாக்டர். எங்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவங்க பாதிப் பேர் அப்படி நெனச்சுத்தான் ஓட்டுறீங்க." அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டாக்டரும் சிரித்தார். அண்ணன் கொடியை மடிப்பதில் மும்முரமாக இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமும் நான் முதலாளியிடம் முறைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடலாம் என்று முடிவே பண்ணியிருந்தேன்.

பாய்களை மடித்து, படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். அண்ணன் கணக்கெல்லாம் முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னார். வேனை நான் எடுத்தேன், அண்ணி வழக்கம்போல் பக்கத்தில். கிளப் வாசலைத் தாண்டும் முன்பே செருப்பைக் கழற்றி, வலிக்கிறது என்று இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். பெரிய ஏரிக்கு எந்த வழியாகப் போவது, அங்கே தங்க இடம் கிடைக்குமா என்று ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

முதல் சந்தியில் சிவப்பு விழுந்தது. நான் பழக்கத்தில் அவர் பக்கம் கீழே பார்த்தேன். அங்கே ஓட்டை விழுந்த விரிப்பு மட்டும்தான் கிடந்தது. முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. பின்னால் டிரெய்லரில் படகு.

பிரேக்கை நானேதான் போட்டேன். வீடு வரைக்கும் நானேதான் போட்டேன்.